வாவிக்கரையில் ஒரு தடித்த தந்தி

பேஸ் கிற்றார் ஒன்றைக் கையில் எடுத்துவிட்ட பொடியன் அடுத்ததாகக் கேட்கும் கேள்வி கல்லடியிலும் ஒன்றுதான், களுவாஞ்சிக்குடியிலும் ஒன்றுதான்: "அண்ணே, எத்தனை வாட் அம்ப் எடுக்கலாம்?" அவனுக்கு உடனே ஓர் எண் வேண்டும். நூறென்றால் நூறு, முந்நூறென்றால் முந்நூறு. எண்ணைச் சொல்லுமுன் அவனிடம் திருப்பிக் கேட்க வேண்டியவை இரண்டு இருக்கின்றன. எங்கே வாசிக்கப் போகிறாய்? அங்கே உன் சத்தம் யாருடைய பெட்டிக்குள்ளால் வெளியே வரப்போகிறது? கிழக்கே எழுவான்கரையானாலும் மேற்கே படுவான்கரையானாலும், இந்த மட்டக்களப்பு வாவியைச் சுற்றி இரண்டாவது கேள்விக்குக் கிடைக்கும் விடை பெரும்பாலும் 'வாடகைக்கு வந்த சவுண்ட்காரரின் பெட்டிக்குள்ளால்' என்பதே. வாங்க வேண்டிய அம்பையும் பெடலையும் அந்த விடைதான் தீர்மானிக்க வேண்டும் என்பது என் கட்சி.

முதலில் அந்தத் தடித்த தந்தியைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நான்கு தந்திப் பேஸில் மிகத் தாழ்ந்தது 'ஈ'. விநாடிக்கு 41.2 தடவை அதிர்கிறது. அடுத்தது 'ஏ' 55, 'டி' 73.4, 'ஜி' 98. ஐந்து தந்தி வாத்தியம் என்றால் கீழே 'பி' ஒன்று சேரும், அது 30.9. சாதாரணக் கிற்றாரின் தாழ்ந்த தந்தி 82.4இல் தொடங்குவதால் பேஸ் அதற்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே நிற்கிறது. ஒரு ஸ்தாயிதானே என்று நினைக்கக்கூடாது. 41 ஹெர்ட்ஸ் ஒலியலை ஒன்றின் நீளம் எட்டு மீற்றருக்கு மேல். அவ்வளவு காற்றைத் தள்ளவும் இழுக்கவும் பெரிய கூம்பும் தாராளமான மின்சக்தியும் வேண்டும். போதாக்குறைக்கு, மனிதக் காது அந்தத் தாழ்வில் மந்தமானது. பாடகரின் குரலுக்குச் சமமாகக் கேட்க வேண்டுமானால் பேஸ் பல மடங்கு கூடுதல் அழுத்தத்தோடு ஒலிக்க வேண்டும். லீட் கிற்றார்காரர் 30 வாட் அம்போடு சமாளிக்கும் மேடையில் பேஸ்காரர் 300 வாட் கேட்பதற்கு இதுதான் காரணம். பெருமைக்குக் கேட்கவில்லை.

சுரத்தை எண்ணாகப் பார்ப்பது இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள், பழந்தமிழ் யாழ்களின் சுருதிகளைக் கணக்குப் போட்டு நிறுவிய 'யாழ் நூல்' அரங்கேறியது 1947 யூனில். அடுத்த மாதமே அவர் மறைந்தார். அவர் பெயரில் கல்லடியில் இருக்கும் அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் பயிலும் பிள்ளைகளுக்கு அதிர்வெண் என்ற சொல் அந்நியமாக இருக்காது. அம்பின் பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் எண்களை வாசிக்கத்தான் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

மின்சாரப் பேஸுக்கு வயது அதிகமில்லை. லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன்' பேஸை வெளியிட்டது 1951இல். அதற்கென்றே 'பேஸ்மன்' அம்பைச் செய்தது 1952இல். பேஸ்மனைப் பேஸ்காரர்களைவிடக் கிற்றார்காரர்கள்தான் கூடுதலாக விரும்பினார்கள் என்பது வேறு கதை. அம்பெக் கொம்பனியைத் தொடங்கிய எவரெட் ஹல் தானே ஒரு பேஸ்காரர். நின்றுகொண்டு வாசிக்கும் பெரிய டபிள் பேஸின் அடிக்காலுக்குள் மைக்கைப் பொருத்தியதிலிருந்து பிறந்ததுதான் அந்தப் பெயர். 1969இல் அவர்களிடமிருந்து வந்த எஸ்விடி, 300 வாட் வால்வு அம்ப். அதன் கீழே பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டுக் கொண்ட பெட்டி; இரண்டும் சேர்ந்தால் ஆளுயரத்தை நெருங்கும். ரொக் மேடைப் படங்களில் பேஸ்காரருக்குப் பின்னால் குளிர்சாதனப்பெட்டி போல் நிற்பது அதுதான். பெட்டி மட்டும் 60 கிலோவைத் தாண்டும்.

இலங்கையில் 1960களின் நடுவில் கிளாரன்ஸ் விஜேவர்தனவும் மூன்ஸ்டோன்ஸ் குழுவும் சிங்களப் பாட்டுக்கு மின்கிற்றாரைக் கொண்டுவந்தார்கள். தமிழில் நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றோரின் பொப் இசை வந்தது. மட்டக்களப்புக்கோ அதற்கும் முன்பே ஒரு தாளப் பழக்கம் இருந்தது. இங்குள்ள போர்த்துக்கேயப் பறங்கியர் கல்யாண வீடுகளில் வயலினும் ரபானும் வைத்து ஆடும் கஃப்ரிஞ்ஞாவின் ஆறு-எட்டுத் துள்ளல் பைலாவுக்குள்ளும் இருக்கிறது. பைலா வாசிக்கும் பேஸ்காரரின் வேலை, மூலச் சுரத்தையும் அதன் ஐந்தாவதையும் மாற்றி மாற்றி, குறுக்கி, நேரத்துக்கு நிறுத்துவது. மறுபக்கம் நம் காதுகளை வளர்த்தவை இளையராஜாவின் பாட்டுகள். அங்கே சசிதரனின் பேஸ் தாளத்தோடு நின்றுவிடாமல் தானும் ஒரு மெட்டுப் பாடுகிறது. ரகுமானின் பாட்டுகளில் கீத் பீட்டர்ஸ் வேறு விதமாக, வழுக்கலும் குழைவுமாக அதைத் தொடர்ந்தார். ஆக, நம் ஊர்ப் பேஸ்காரருக்கு ஒரே இரவில் இரண்டு சத்தம் தேவை: பைலாவுக்குக் குட்டையான, இறுக்கமான சத்தம், சினிமாப் பாட்டுக்கு ஒவ்வொரு சுரமும் பிரிந்து கேட்கும் சத்தம். இந்த இரண்டையும் செய்யாத அம்ப் எவ்வளவு வாட் இருந்தும் பயனில்லை.

இனி இடங்களுக்கு வருவோம். முதலில் வீடு. 14 அடி நீள அறை ஒன்றில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு நடுவே 40 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி தேங்கி நின்று பெருகும். 'ஈ' தந்தி அதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதனால் அந்த அறையில் 'ஈ' மட்டும் குமுறும், மற்றவை சாதுவாக இருக்கும். கடையில் நன்றாகக் கேட்ட அம்ப் வீட்டுக்கு வந்ததும் கெட்டுவிட்டது என்று சொல்பவர்கள் பலர். கெட்டது அம்ப் இல்லை. மூலையிலிருந்து இழுத்து, தரையிலிருந்து ஒரு கதிரையில் தூக்கி வைத்தால் பாதிக் குமுறல் போய்விடும்.

அடுத்தது தேவாலயமும் மண்டபமும். இங்கே வாராவாரம் நிலையான மேடை பேஸ்காரருக்குக் கிடைப்பது தேவாலயங்களில்தான் என்று சொல்லலாம். சீமெந்துச் சுவர், உயர்ந்த கூரை, திறந்த யன்னல்கள். தாழ்ந்த சுரம் அடங்குமுன் அடுத்தது வந்து அதன்மேல் விழும். இங்கே கூடுதல் சக்தி பாவம். அம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியிலுள்ள 40 அல்லது 100 வாட் கொம்போ ஒன்று, அதில் 'பேஸ்' குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கி, நடுப்பகுதியைச் சற்று ஏற்றினால் பாடகர் குழுவின் வாய்ச்சொற்கள் தப்பிக்கும். ஃபெண்டர் ரம்பிள் வரிசையின் 100 வாட் கொம்போவில் ஒரு 12 அங்குல ஸ்பீக்கர். எடை 10 கிலோ அளவுதான். 500 வாட் கொம்போவே 17 கிலோவுக்குள். 'வகுப்பு டி' என்று சொல்லப்படும் சுவிட்சிங் மின்சுற்று வந்தபிறகுதான் இது சாத்தியமானது. ஹார்ட்கி, ஆஷ்டவுன், மார்க்பேஸ் என்று வேறு பல கொம்பனிகளும் இந்த எடைக்குள் செய்கின்றன. குருக்கள்மடத்திலிருந்து பாதைப் படகில் அம்பிளாந்துறைக்குப் போகிறவனுக்கு இந்தக் கிலோக் கணக்கு சுரக் கணக்கைவிட முக்கியம். 2014இல் மண்முனைப் பாலம் திறந்து கொக்கட்டிச்சோலைக்கு வழி இலேசான பிறகும், மோட்டார்சைக்கிளின் பின்சீற்றில் எது கட்டுப்படுமோ அதுதான் நிகழ்ச்சிக்குப் போகும்.

மூன்றாவது, கோயில் வீதியும் விளையாட்டு மைதானமும். உண்மையான சிக்கல் இங்கேதான். சுவர் இல்லாத வெளியில் தாழ்ந்த ஒலிக்கு முட்டுக்கொடுக்க எதுவும் இல்லை. வாவிப் பக்கமாக அப்படியே போய்விடும். மேடையில் இருக்கும் 100 வாட் அம்பால் அந்தக் கூட்டத்தை நிரப்ப முடியாது. 300 வாட்டாலும் முடியாது. வாட் இரண்டு மடங்கானால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும், அதைக் காது கொஞ்சம்தான் உணரும். இரண்டு மடங்கு சத்தமாகக் கேட்க வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும். அதே மூன்று டெசிபலை, உணர்திறன் கூடிய ஸ்பீக்கர் ஒன்று சும்மா தந்துவிடும். வாட்டுக்குக் காசைக் கொட்டுகிறவர்கள் பெட்டியின் அட்டையில் இருக்கும் உணர்திறன் எண்ணைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒருமுறை திருவிழா ஒன்றில், மேடை அம்பை முறுக்கி வைத்து வாசித்தேன். முன்வரிசையில் இருந்தவர்களுக்கு நெஞ்சு அதிர்ந்திருக்கும். சவுண்ட்காரர் தன் பக்கத்தில் பேஸைக் குறைத்தார். மேடையிலிருந்தே போதுமான அளவு வருகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. கடைசியில் கச்சான் கடைப் பக்கம் நின்ற என் மச்சான் சொன்னது: "நீ வாசிச்சியாடா?" பிழை சவுண்ட்காரருடையதல்ல, என்னுடையது. திறந்த வெளியில் மேடை அம்ப் என்பது வாசிப்பவருக்கும் ட்ரம்ஸ்காரருக்குமான காதுக்கருவி. சனத்துக்குப் போக வேண்டியது மிக்சர் வழியே போக வேண்டும்.

அதனால்தான் அம்புக்கு முன்பே டிஐ பெட்டி ஒன்று வாங்கச் சொல்கிறேன். பேஸின் மெலிந்த சமிக்ஞையை நீண்ட வயரில் தாங்கிப் போகக்கூடிய வலுவான, சமநிலைப்பட்ட சமிக்ஞையாக மாற்றும் சிறு பெட்டி அது. மிக்சர் முப்பது மீற்றர் தள்ளி இருந்தாலும் இரைச்சல் ஏறாது. மோட்டவுன் ஒலிப்பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சனின் பேஸ் பெரும்பாலும் அம்ப் இல்லாமல் நேரடியாகப் பதிவுமேசைக்கே போனது. உலகம் கேட்டுச் சொக்கியது அந்த நேரடிச் சத்தத்தைத்தான். 1990களில் வந்த டெக் 21 கொம்பனியின் சான்சம்ப் பேஸ் டிரைவர் போன்றவை டிஐயோடு வால்வு அம்பின் சாயலையும் ஒரே பெடலுக்குள் வைத்தன. அப்படி ஒன்று பையில் இருந்தால் எந்த ஊர் சவுண்ட்காரரிடம் போனாலும் உங்கள் சத்தம் உங்களோடு வரும். கையில் ஒரு தொகைதான் இருக்கிறது, பெரிய அம்பா அல்லது நல்ல பிரீஅம்ப் டிஐயும் சின்ன அம்புமா என்று கேட்டால், இந்தக் கரையில் இரண்டாவதுதான்.

தலைப்பெட்டியும் ஸ்பீக்கர் பெட்டியும் தனித்தனியாக வாங்குகிறவர்களுக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. எட்டு ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்தால் நான்கு ஓம். நான்கு ஓம் பெட்டி இரண்டைச் சேர்த்தால் இரண்டு ஓம், பெரும்பாலான அம்புகள் அதைத் தாங்கா. வால்வு அம்பை ஸ்பீக்கர் செருகாமல் ஒருபோதும் போடக்கூடாது. ஸ்பீக்கருக்குக் கிற்றார் வயரைச் செருகுவதும் வேண்டாம். அது மெல்லியது, சூடாகும்.

கரண்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். நமது மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 'ஈ' தந்தியின் மூன்றாவது கட்டில் இருக்கும் 'ஜி' சுரம் 49 ஹெர்ட்ஸ். அதாவது கோயில் வீதியில் எர்த் சரியில்லாத இணைப்பிலிருந்து வரும் 'ம்ம்ம்' என்ற முனகல், கிட்டத்தட்ட நீங்கள் வாசிக்கும் 'ஜி'யேதான். அதன் இரட்டிப்பான 100, திறந்த 'ஜி' தந்தியின் 98க்குப் பக்கத்தில். லீட் கிற்றார்காரருக்கு முனகல் ஒரு தொல்லை; பேஸ்காரருக்கோ அது கூடவே வாசிக்கும், சற்றே சுருதி பிசகிய இன்னொரு பேஸ்காரன். 'ஜி'யில் அமைந்த பாட்டில் அது அவ்வளவாகத் தெரியாது, 'ஏ'வுக்கு மாறினால் பல்லைக் காட்டும். டிஐ பெட்டியில் 'கிரவுண்ட் லிஃப்ட்' என்றொரு சுவிட்ச் இருக்கும், முனகலுக்குப் பெரும்பாலும் மருந்து அது. பிளக்கின் எர்த் ஊசியைப் பிடுங்குவது மருந்தல்ல, தற்கொலை. கிற்றாரின் தந்திகள் எல்லாம் பாலத்தின் வழியாக எர்த்தோடு இணைந்திருக்கின்றன. ஒரு கை தந்தியில் இருக்க, வேறொரு இணைப்பிலிருந்து வரும் மைக்கில் உதடு பட்டால் கரண்ட் நெஞ்சுக்குள்ளால் போக வழி கிடைக்கும். ஜெனரேற்றர் வைத்து நடத்தும் நிகழ்ச்சிகளிலும், மழை பெய்த ஈர மண்ணில் போட்ட மேடைகளிலும் இது வெறும் பயமுறுத்தல் இல்லை. மேடைக்கு ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று கேட்பதில் வெட்கமில்லை.

பெடல்களுக்கு வருகிறேன். இதில்தான் பொடியன்கள் காசைக் கரைக்கிறார்கள். கரகரப்புப் பெடலின் கதையே ஒரு பேஸிலிருந்து வந்தது என்பதை யாரும் சொல்வதில்லை. 1960இல் நாஷ்வில்லில் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றைப் பதிவுசெய்தபோது பதிவுமேசையின் ஒரு பகுதி பழுதாகி, கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்திப் பேஸ் கரகரத்துப் பதிவானது. அதை அழிக்காமல் விட்டார்கள். பாட்டு ஓடியது. அந்தக் கரகரப்பை வேண்டுமென்றே உண்டாக்கும் பெடல் 1962இல் கடைக்கு வந்தது.

கரகரப்பு பேஸுக்கு எதற்கு என்று கேட்கலாம். இங்கே நம் வாவியே ஒரு விளக்கம் தருகிறது. பாடும் மீனைக் கேட்கப் போகிறவர்கள் தோணியில் இருந்தபடி துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறுநுனியைக் காதில் வைப்பார்கள். காற்றில் வராத சத்தம் மரத்தின் வழியே வரும். 1954இல் இங்கிருந்த அமெரிக்க இயேசுசபைத் துறவி லாங் அந்த ஒலியைப் பதிவுசெய்ததும் தண்ணீருக்குள் கருவியை இறக்கித்தான். பேஸின் அடிச்சுரத்துக்கும் அப்படி ஒரு துடுப்பு தேவைப்படுகிறது. ஊரில் வாடகைக்கு வரும் பல பெட்டிகள் 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே இறங்குவதில்லை. வானொலிப்பெட்டியும் கைத்தொலைபேசியும் அதற்கு வெகு மேலேயே நின்றுவிடும். ஆனாலும் அவற்றில் இளையராஜாவின் பேஸ் நமக்குக் கேட்கிறதே, எப்படி? 41 ஹெர்ட்ஸ் சுரத்தோடு 82, 124, 165 என்று மேற்சுரங்களும் சேர்ந்தே வருகின்றன. அடிச்சுரம் தொலைந்தாலும் மேற்சுரங்களை வைத்து மூளை அதைத் தானே கட்டிக்கொள்கிறது. மெல்லிய ஓவர்டிரைவ் அந்த மேற்சுரங்களைப் பெருக்குகிறது. கரகரப்பு கேட்காத அளவுக்குக் கொஞ்சமாக வைத்தால், சிறிய பெட்டியிலும் பேஸ் 'இருக்கிறது' என்று தெரியும். என் துடுப்பு அதுதான். ஆனால் கிற்றாருக்கான ஓவர்டிரைவை அப்படியே போட்டால் அடிப்பகுதி காணாமல் போகும். இயல்பான சத்தத்தையும் கலந்துவிடும் குமிழ் உள்ளதாகப் பார்க்க வேண்டும். போஸ் ஓடிபி-3இல் அது இருக்கிறது. ஃபின்லாந்தின் டார்க்கிளாஸ் பெடல்களிலும் இருக்கிறது, விலைதான் வேறு.

முதல் பெடல் எது என்றால் டியூனர். சுவாரசியமில்லாத பதில்தான். வாசிக்காத நேரத்தில் மிதித்தால் சத்தத்தையும் அடைக்கும் என்பதால் பாட்டுக்கு நடுவே அறிவிப்பாளர் பேசும்போது தந்தி உறுமாது. இரண்டாவது கொம்பிரஸர். விரல் பலம் ஏறியும் இறங்கியும் வரும் புதியவருக்கு அது சுரங்களை ஒரே உயரத்துக்குக் கொண்டுவரும். பைலாவின் குட்டைச் சுரங்களுக்கு மிக நல்லது. ஆனால் அளவு மீறினால் உயிர் போய்விடும், பழகிய விரல்காரர் இல்லாமலே சமாளிப்பார்.

ஒக்டேவ் பெடலைப் பற்றி ஆசை பலருக்கு. 1982இல் வந்த போஸ் ஓசி-2 இன்னும் தேடப்படுகிறது. ஆனால் கணக்கைப் பாருங்கள். திறந்த 'ஈ'க்கு ஒரு ஸ்தாயி கீழே 20.6 ஹெர்ட்ஸ்; கேள்விப்புலனின் எல்லை அது. எந்த வாடகைப் பெட்டியும் அதைத் தராது, அம்பின் சக்திதான் வீணாகும். தவிர, 'ஈ'யின் ஒரு முழு அதிர்வுக்கே 24 மில்லிவிநாடி வேண்டும். பெடல் அதைப் பார்த்துப் புரிந்துகொள்ளுமுன் சுரம் தடுமாறும். 'ஏ' தந்தியின் ஏழாம் கட்டுக்கு மேலே வாசித்தால் அது அழகு, கீழே வாசித்தால் சேறு. கோரஸ், மெலடிப் பாட்டின் இடைவெளியில் ஓரிடத்துக்கு. வா-வா, ஃபில்டர் வகைகள் ஊர் நிகழ்ச்சிக்குத் தேவையில்லை என்பேன், கோபிப்பவர்கள் கோபிக்கட்டும். எல்லாம் வேண்டுமென்றால் ஸூம் பி1 ஃபோர் போன்ற பல்பெடல் ஒன்று போதும். தாளப்பெட்டியும் உள்ளே இருப்பதால் பயிற்சிக்கும் உதவும்.

பெடல்களுக்கு மின்சாரம் பெரும்பாலும் 9 வோல்ட், நடு ஊசி எதிர்முனை. ஓகன் அடப்டர் பலவற்றில் நடு ஊசி நேர்முனை. பார்க்காமல் இரண்டையும் மாறிச் செருகிப் பெடல் எரித்தவர்களை நான் அறிவேன். பெடலுக்குள் பற்றரி இருந்தால், உள்ளே வரும் வயரை இரவில் கழற்றிவிட வேண்டும். வயர் செருகியிருக்கும்வரை பற்றரி கரையும்.

கடைசியாக உப்பு. வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் வாழ்கிறோம். வடகீழ்ப் பருவமழை மாதங்களில் ஜக்குகள் கறுக்கும், குமிழ்களைத் திருப்பினால் கரகரக்கும். பெரும்பாலான 'பழுதான' பெடல்கள் இந்த அழுக்கினால் வாயடைத்தவைதான். தொடுமுனை துடைக்கும் ஸ்பிரே ஒரு தடவை அடித்துக் குமிழை இருபது தடவை திருப்பினால் பாதி பிழைத்துவிடும். மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைப்பவரின் பெடல் நெடுநாள் இருக்கும்.

2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 அளவுக்குப் போனபிறகு புதிய சாமான் பலருக்கு எட்டவில்லை. வெளிநாட்டிலிருந்து உறவினர் கொண்டுவந்ததும், கைமாறி வருவதும்தான் வழி. அப்படி ஒன்றை வாங்கப் போனால் உங்கள் சொந்தப் பேஸையும் சொந்த வயரையும் எடுத்துப் போங்கள். பின்பக்கத்தை முதலில் பாருங்கள்: 120 என்றோ 100 என்றோ எழுதியிருந்தால் அது அமெரிக்காவுக்கோ யப்பானுக்கோ செய்தது, மின்மாற்றி இல்லாமல் இங்கே செருகினால் புகைதான். 230 என்றிருந்தால் செருகி, எதையும் வாசிக்காமல் ஒரு நிமிடம் கேளுங்கள். பிறகு திறந்த 'ஈ'யை மெதுவாகவும் பலமாகவும் அடித்து, கூம்பு தட்டுகிறதா என்று காதைக் கிட்ட வையுங்கள். தட்டினால் விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம்.